மூன்று பிரதிகள்

ஆளுநர் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே
என் தட்டச்சுப் பொறி.
எதைச் சொன்னாலும் மூன்று பிரதி.
லண்டனுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று,
மூன்றாவது யாருக்கென்று
பதினோரு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.

"குற்றச்சாட்டுகள் அரசின் கவனத்துக்கு வந்துள்ளன."
முதன்முதலில் இதை அடித்தது ஒரு மார்ச் மாதம்.
கவனத்துக்கு வருமுன்பே
எங்கள் கூரைகளுக்கு மேல் வந்துகொண்டிருந்தன,
விளக்கணைத்த இரட்டை எஞ்சின் விமானங்களாக,
வாரத்துக்கு நாலு இரவு,
உப்பளத்தைத் தாண்டியதும் தாழ்ந்து.

ஓடுதளத்துக்கு மின்சாரம் கிடையாது.
பால்பவுடர் டப்பாக்களில் மண்ணெண்ணெய் ஊற்றி
இருபுறமும் கொளுத்தி வைக்க வேண்டும்.
டப்பாவுக்கு ஒரு டாலர்.
என் தம்பி எல்வர்ட் ஓரிரவில் அறுபது கொளுத்துவான்.
கழுதைகளை விரட்டினால் தனியாக ஐந்து.
அப்பா ஒரு மாதம் உப்பு வாரினாலும்
கண்ணில் படாத காசு.

அந்த வருடம் துறைமுகத்தில்
ஏழு குளிர்சாதனப் பெட்டிகள் இறங்கின.
மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் புதுத் தகரம்.
கொடையாளியின் பெயர் தேவனுக்குத் தெரியும்
என்றார் போதகர் க்ளீவன்.
எங்களுக்கும் தெரியும்.
வர்த்தக அமைச்சர் தியோஃபிலஸ் ஆம்ப்ரிஸ்டர்
முதல் பெஞ்சில் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

ஜூனில் "ஆதாரமற்ற வதந்திகள்."
செப்டம்பரில் "உரிய மட்டத்தில் பரிசீலனை."
அமைச்சரின் படகில், நண்டுக்கூடைகளுக்கு அடியில்
நாற்பது மூட்டை அகப்பட்ட மறுநாள்
"ஆழ்ந்த கவலை."
"ஆழ்ந்த" நான் சேர்த்தது.
ஆளுநர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

பிறகு விசாரணை ஆணையம்.
குதிரைமயிர்ப் பொய்முடியோடு ஒரு சர்.
காகிதம் பறக்கிறதென்று
பள்ளிக்கூடத்து விசிறியை நிறுத்தச் சொன்னார்.
இரவில் விளக்குகள் பார்த்ததுண்டா?
நான் சீக்கிரம் தூங்குகிறவள், என்றாள் கடைக்கார யூலாலி.
நானும், என்றார் துறைமுக அதிகாரி.
நானும், என்றார் இன்ஸ்பெக்டர்.
இவ்வளவு சீக்கிரம் தூங்கும் தீவு
அந்தக் கடலிலேயே கிடையாது.

எல்வர்ட் மட்டும்,
"பார்த்தேனா? நான்தான் கொளுத்தினேன்.
தீப்பெட்டி இன்ஸ்பெக்டர் கொடுத்தது."

சுருக்கெழுத்தில் எடுத்தேன்.
கை நடுங்கவில்லை.
நடுங்குகிற கைக்கு அங்கே சம்பளமில்லை.

அறிக்கை இருநூற்றுப் பதினாலு பக்கம்.
இன்ஸ்பெக்டர் வரும் வரிகளில் கறுப்பு மை.
எல்வர்ட் பெயர் முழுதாக,
ஓர் எழுத்துப்பிழையோடு.
அவனுக்கு நாலு வருடம்.
அவருக்கு வேறொரு காலனிக்கு மாற்றல், படிச்செலவு உட்பட.
எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேரவைக் கலைப்பு.
"தம்மைத் தாமே ஆளும் பக்குவம்
இத்தீவு மக்களுக்கு இன்னும்..."
அதையும் நான்தான் அடித்தேன்,
கமா தவறாமல்.

இன்று எல்லோரும் போனபின்
வாக்குமூலம் அடித்த கார்பன் தாளை
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வரிமேல் வரி ஏறிக் கிடந்தது.
யாரும் மை தடவாத இன்ஸ்பெக்டர் பெயர்
இருட்டுக்குள் புள்ளி புள்ளியாய் வெளிச்சம்,
இறங்கலாம் என்பதுபோல.

மடித்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஞாயிறு சிறைக்குப் போவேன்.
கையில் என்ன கறுப்பு என்று கேட்பான்.
அவன் விரலில் மண்ணெண்ணெய் நாற்றம்
இன்னும் போகவில்லையாம்.