பிழைதிருத்தம், இதழ் ஏழு

சென்ற இதழ், பக்கம் நான்கு.
கழிமுகம் என்ற குழுவின் கேசட்டைப் பற்றி
எழுதியவன் நான்தான்.
இரண்டு பிழைகள்.

பர்மா பஜாரில் கடைசிக்கு முந்தின கடை.
செல்போன் உறைகளுக்கு அடியில் கிடந்தது.
அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு மீன்முள்,
பின்னால் தபால்பெட்டி எண், சென்னை 13.
ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை.
"அது ரிப்பேர் தம்பி, வெறும் சத்தம்தான் வருது"
என்றார் கடைக்காரர்.
அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லக் கூச்சம்.
இருபது ரூபாய்.

திருவல்லிக்கேணி மேன்ஷன், மூன்றாம் மாடி.
நைட் ஷிஃப்ட் முடித்த இருவர் தூங்க
தலையணைக்குள் தலையை விட்டுக் கேட்டேன்.

முதல் பாட்டு
மாடிப்படியில் உருட்டிவிட்ட கேஸ் சிலிண்டர்.
டிரம்ஸுக்கு நான்கு கால் இருக்கலாம்.
தகரத்தை அறுக்கும்போது பல் கூசுமே,
அந்தக் கூச்சத்தை முறுக்கிக்
கிதாருக்குக் கம்பி கட்டியிருந்தார்கள்.

குரலை எழுதத்தான் மூன்று இரவு.
கர்ஜனை என்றால் சிங்கம் வந்துவிடுகிறது.
உறுமல் என்றால் தெருவில் மேளம் வருகிறது.
ஓலம் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும்.
கடைசியில் இப்படிப் போட்டேன்:
"அடைத்துக்கொண்ட சாக்கடை
மழைக்கு முந்தின நாள் பேசுகிறது."

மூன்றாம் பாட்டின் நடுவே
எல்லோரும் சட்டென்று நிற்க
அடியில் ஒரே ஒரு ஸ்வரம்,
இரண்டு நிமிடம், அசையாமல்.
என் விலா எலும்பு அதற்குச் சுதி சேர்த்தது.
"விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தி
விரலை எடுக்காமலிருக்க என்ன துணிச்சல்!"
அரைப் பக்கம் அதற்கே போனது.
பத்துக்கு ஒன்பது கொடுத்தேன்.

அறுபது பிரதி ஜெராக்ஸ்.
மண்டையோட்டைப் பார்த்து தாவூத் பாய் கேட்டார்,
"பல் டாக்டர் நோட்டீஸா?"

இருபதாம் நாள் ஒரு இன்லேண்ட் கடிதம்:

*வணக்கம். எங்களிடம் கீபோர்டு கிடையாது.
வாங்கக் காசும் கிடையாது.
நீங்கள் கேட்டது பக்கத்து ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசர்.
டெரன்ஸ் குச்சி உடைந்து வேறு தேடினான்.
டேப்பை நிறுத்த மறந்துவிட்டோம்.
இன்னொன்று: நீங்கள் அவன் என்று எழுதியது என்னை.
மெஜெல்லா.*

ஞாயிறு, காசிமேடு.
சந்துக்குள் நுழையுமுன்பே
செருப்பு வழியாக ஏறியது அந்த ஸ்வரம்.
பாளம் பாளமாக ஐஸ் சறுக்கி வந்து
நொறுக்கும் இயந்திரத்தில் விழ
(நேர்த்தியான டிரம்ஸ், எழுதி வைத்துக்கொண்டேன்)
மெடிக்கல் ஷாப் கோட்டோடு வந்து நின்றாள்.
சில்லறை எண்ணுகிறவள்போல் தணிந்த பேச்சு.

"அந்த ஒன்பதை என்ன செய்யப் போறீங்க?"

நான் கம்ப்ரசரைப் பார்த்தேன்.
"மூணு அதுக்கு."

"ஆறே அதிகம்" என்றாள்.
"ஆனா ரெண்டாம் பாட்டுக்கு
நீங்க ஒரு வரிகூட எழுதலை."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
கத்தினான், பிளிறினான், மூச்சை இழுத்தான்,
மொத்தம் பதினோரு இடம்.
தமிழில் வினைக்கும் பால் உண்டு,
பெயரை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.
ஒவ்வொரு ன்-ஐயும் அடித்து ள் போட்டு
வாய்விட்டுப் படித்தேன்.
நாக்கு இன்னும் கொஞ்சம் பின்னால் மடிகிறது,
தொண்டையை நோக்கி.
அறைக்காரன் புரண்டு படுத்து
"யாருடா அவ?" என்றான்.

ஆகவே வாசகர்கள்
விசைப்பலகை என்பதைக் கம்ப்ரசர் என்றும்
கத்தினான் என்பதைக் கத்தினாள் என்றும்
திருத்திப் படிக்கவும்.
மதிப்பெண்: கழிமுகம் ஆறு, ஐஸ் ஃபேக்டரி மூன்று.
சாக்கடை பற்றிய வரியை அவள் ஆட்சேபிக்கவில்லை,
அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் பாட்டைப் பதினான்கு முறை கேட்டாகிவிட்டது.
வாக்மேனில் பேட்டரி தீர்ந்து
குரல் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது.
அடுத்த இதழில் எழுதுகிறேன்,
சொல் கிடைத்தால்.