இரண்டாவது கோட்

அவனியாபுரத்தில் ஐந்தாவது மாடி.
சாரத்தில் மூன்று பேர்,
மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து கண்.
இடது கண் இல்லாத சூசைதாசனிடம்தான்
மேஸ்திரி ஒச்சப்பன் சுவர் நேர் கேட்பார்.
"ஒத்தக் கண்ணுக்காரன்தான்யா குறி தப்ப மாட்டான்" என்று
விளையாட்டாகச் சொல்வார்.
நாங்கள் சிரித்ததில்லை.
ஏன் என்று அவருக்குத் தெரியாது.

மத்தியானம் பெருங்குடிப் பக்கமிருந்து
கொழும்பு விமானம் எழும்பும்.
சத்தம் கேட்டதும் என் தலை
இன்னும் தோளுக்குள் போகிறது.
அருமைநாயகம் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்துவிட்டு
"ஒரு மணித்தியாலமும் இல்லை" என்பான்,
"ஒரு பக்கச் சுவருக்குப் பிரைமர் அடிக்கிற நேரம்."
வந்தபோது இரண்டு இரவு.
மணல்திட்டில் இறக்கி
"விடிய ஆக்கள் வருவினம்" என்று சொல்லிவிட்டு
ஓட்டி படகைத் திருப்பினான்.

படிவம் மூன்று வாரமாய்
என் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் கிடக்கிறது.
'முன்னர் செய்த தொழில்' என்ற கட்டத்தில்
சாம்பார் வட்டம்.
உச்சப்பட்டி முகாமில் பதிந்த அன்று
கடற்தொழில் என்று சொன்னேன்.
எனக்கு நீந்தத் தெரியாது.
பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவன்
நாற்பத்தாறிலும் வரிசையில் நின்று
"உள்ளேன் ஐயா."

போன ஆடியில் மீனாட்சி கோயிலுக்குப் போனேன்.
வாசல் கருவி கத்தியது.
பொலிஸ்காரர் பையைத் தடவினார், இடுப்பைத் தடவினார்,
தொடைக்கு வந்ததும் மறுபடி கத்தியது.
"பிளேட்டா? ஆக்சிடெண்டா?"
"ஆமா சார், பைக்கு."
ஓம் என்று வாய் போகவில்லை.
அம்மனிடம் ஒன்றும் கேட்காமல்
பொற்றாமரைப் படியில் போய் இருந்தேன்.
ஊரிலிருந்து கொண்டுவந்ததென்று
தொடைக்குள் இருக்கிற அந்தத் துண்டு ஒன்றுதான் மிச்சம்.
கட்டுநாயக்காவிலும் கருவி நிற்கும்.
அங்கே பைக் என்றால் எடுபடாது.

தங்கச்சி குரல் அனுப்பியிருந்தாள்.
"மிதிவெடிப் பலகையைக் கழட்டிட்டாங்கள் அண்ணா.
கிணறு மண் மூடிக் கிடக்கு, வந்தா இறைக்கலாம்.
மகளுக்கு இப்ப சம்மந்தம் ஒண்டு பேசுறம்..."
அதற்குப் பிறகு ஏழு விநாடி
கோழிச் சத்தம் மட்டும்.

அருமைநாயகத்துக்குக் குழப்பமில்லை.
மகள் திருமங்கலத்தில் நர்சிங் படிக்கிறாள்.
"அங்கிட்டுப் போயி நான் என்னப்பா செய்ய?"
அவளுக்கு அங்கிட்டு.
அவனுக்கும் மெல்ல மெல்ல
அங்கிட்டு ஆகிவிட்டது.

இன்றைக்கு
ஜன்னல் மேல்விளிம்பை அடித்தபடி
முகத்தைத் திருப்பாமல் சூசை சொன்னான்:
"நான் கையெழுத்து வைச்சிட்டன்."
"ஏனடா?"
"பவித்திரனைத் தாட்ட இடம்
எனக்கு மட்டும்தான் தெரியும்.
அவன்ர தாய் இப்பவும் படத்தோட
றோட்டில இருக்கிறாவாம்."
பிரஷ்ஷை நனைத்தான், வடித்தான்.
"ஒரு பாலை மரம். அதில இருந்து
வாய்க்கால் பக்கமா பதினெட்டு அடி.
மரத்தைத் தறிச்சிருப்பாங்களோ தெரியேல்ல."

ஒரு கண்ணால் தூரம் தெரியுமா என்று
கேட்க வந்தது. கேட்கவில்லை.

"தனிய அளக்கேலாது" என்றான்.
"டேப்பின்ர மற்ற முனையை
ஆராவது பிடிக்க வேணும்."

கீழிருந்து ஒச்சப்பன் கத்தினார்:
"என்னண்ணே அங்க பேச்சு?
இருட்டுறதுக்குள்ள ரெண்டாவது கோட்ட முடிங்க!"

விமானம் போய் நெடுநேரம்.
அருமைநாயகம் எங்கள் இருவரையும் பார்க்காமல்
சுண்ணாம்பு தெறித்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரியின் டேப்
என் சட்டைப் பைக்குள் கிடந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
ஐந்து மீட்டர்.
ஒன்றரை அடி காணாது.