எடை: பூஜ்யம்

முதலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
திம்மராஜ், இரண்டாமாண்டு மெக்கானிக்கல்,
பாய்ம இயக்கவியல், முதல் தேர்வு.
காலி என்றால் எழுத வரவில்லை என்று எனக்குத் தெரியும்.
மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்யம்.
எழுத வராதவனும்
எழுதி ஒன்றும் வாங்காதவனும்
அதற்கு ஒரே பெஞ்ச்.

அது ஜூலை.
காவேரிப்பட்டணம் சாலையில்
பஸ் கண்ணாடியைச் சாத்தினாலும்
மாங்கூழ் வாசம் உள்ளே ஏறி உட்காரும்.
பெங்களூரா லாரிகள் ஆலை கேட்டுக்கு வெளியே
ஒரு கிலோமீட்டர் நிற்க,
அவனுக்கு இரவு ஷிப்ட், பம்ப் அறை.
காலை ஒன்பதரைக்குத் தேர்வு.
ஒன்பதரைக்கு அவன்
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனான்.
அவன் சொன்னது. நான் விசாரிக்கவில்லை.

செப்டம்பரில் மறுதேர்வு.
பாகுத்தன்மைக்கு எடுத்துக்காட்டு தருக, எட்டு மதிப்பெண்.
தேன் என்றார்கள், கிளிசரின் என்றார்கள்,
புத்தகத்தில் இருந்த வரிசை மாறாமல்.
திம்மராஜ் எழுதியிருந்தான்:
சூடு குறைந்தால் கூழ் குழாயில் மறியல் செய்யும்,
பம்ப் முனகும்,
அது முனகும் முன்னே வால்வைத் திருப்ப வேண்டும்.
எட்டுக்கு எட்டு.
மொத்தம் அறுபத்தெட்டு.

இரண்டு தேர்வு, ஒரு முடிவு,
எப்படிச் சேர்ப்பது என்று கேட்டது ஆன்லைன் பதிவேடு.
சராசரி என்றேன்.
முப்பத்து நான்கு. ஃபெயில்.
வராத நாள்
வந்த நாளில் பாதியைத் தின்றுவிட்டது.
கடைசியாக எழுதியது என்றேன்.
திம்மராஜ் எழுந்தான், நஸ்ரீன் விழுந்தாள்.
முதலிலேயே நாற்பத்து மூன்று வாங்கித் தேறியவள்,
இன்னும் கொஞ்சம் என்று
கெஞ்சி அனுமதி வாங்கி எழுதி
முப்பத்தொன்பது.
இரண்டில் பெரியது என்றேன்.
இருவரும் எழுந்தார்கள்.
நான் டீக்குப் போனேன்.

திரும்பி வந்தால் சுற்றறிக்கை,
கோணலாக ஸ்கேன் ஆன கையெழுத்தோடு:
மறுதேர்வில் எவ்வளவு வாங்கினாலும்
நாற்பதுக்கு மேல் ஏறக் கூடாது.
முதல் முறையே எழுதியவர்களுக்கு நியாயம் வேண்டும்.
நியாயம்தான்.
காய்ச்சலோடு வந்து எழுதி
நாற்பத்தொன்று வாங்கிய வேடியப்பனை
எந்த அடைப்புக்குறிக்குள் போடுவேன்?

மறுதேர்வா நாற்பதா, சிறியதை எடு.
அதுவா முதல் தேர்வா, பெரியதை எடு.
சொல்லும்போது சுலபம்.
ஒரு கமா இடம் தவறி
முப்பத்தெட்டுப் பேரும் நாற்பது ஆனார்கள்.
சரியாக ஒரு நிமிடம்
என் வகுப்பில் சமத்துவம் இருந்தது.

காலிக் கட்டம் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.
தொகுப்பூதியக்காரி நான்.
மே மாதம் என் பெயருக்கு நேரே
பூஜ்யம் போடமாட்டார்கள்,
சின்னதாக ஒரு கோடு.
பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்கலாம்.
கோட்டிடம் என்ன கேட்பது?

இரவு பத்தரைக்கு
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்.
தலைப்பு: மறுதேர்வில் உண்மையில் வாங்கியது.
எடை: பூஜ்யம்.
எதிலும் கூடாது, எதையும் குறைக்காது.
மாணவர் பார்க்கலாம் என்ற இடத்தில் மட்டும்
ஒரு டிக்.
சேமி என்றதும் வட்டம் சுற்றியது, சுற்றியது,
செல்போன் ஹாட்ஸ்பாட்டைச் சன்னலுக்கு நகர்த்திய பிறகு
நின்றது.

பதினொன்றுக்கு மெசேஜ்.
மேடம், நாப்பதுக்குப் பக்கத்துல
சாம்பல் கலர்ல அறுபத்தெட்டுன்னு இருக்கே,
அது யாரோடது?
உன்னோடதுதான்.
கணக்கில் வராது. அச்சிலும் வராது.
டைப் செய்கிறான் என்று
நெடுநேரம் காட்டியது.
ஸ்கிரீன்ஷாட்ல வருது மேடம்.

நஸ்ரீன் இன்னும் திறக்கவில்லை.
அவள் வரிசையில்
அதே சாம்பல் நிறத்தில் நிற்கிறது
முப்பத்தொன்பது.