மறை தொண்ணூற்றொன்பது

கொட்பே மீன்பிடித் துறைமுகம், வானொலி அறை.
இரவு எட்டு முதல் காலை ஆறு வரை
என் முறை.

படகுகள் தாங்கள் நிற்கும் இடம் சொல்லும்.
ஒன்பது டிகிரி பன்னிரண்டு, எண்பத்துமூன்று டிகிரி ஐம்பது,
காத்து இல்ல, மீன் சுமார்,
வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க மிஸ்.
நான் கொப்பியில் எழுதுவேன்.
பிறகு இரைச்சல் மட்டும்,
அரிசி புடைக்கிறாற்போல.

அந்நேரம் கணினியில்
இன்னொரு கொப்பியைத் திறப்பேன்.
எங்கோ ஒரு மலையுச்சியில்
இரவிரவாய்ப் படமெடுத்த முழு வானம்;
கோடிக்கணக்கில் வரிகள்.
என்ன படித்தாய், யார் அனுப்பியது
என்று கேட்காத வாசல்.
இரண்டு எண் கொடுத்தால் போதும்.
அங்கும் பாகைதான், கலைதான்.

எங்கள் இணைப்புக்கு மழை ஆகாது.
முதலில் சாம்பல் சதுரங்கள்,
பாதி பதித்து விட்டுப்போன தரை மாதிரி.
பிறகு ஒரு மூலையில்
பக்கவாட்டில் கிடக்கும் விண்மீன் கூட்டம்,
பாயில் காயும் நெத்தலி அளவு.
பக்கத்தில் அதன் ஒளி: இருபத்தொன்று தசம் நாலு.
இந்தக் கணக்கில் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்.
பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஒரு நாள் அலுப்பில்
கிண்ணியா றம்சீனின் படகு சொன்ன இடத்தை
அப்படியே வானத்துக்குக் கொடுத்தேன்.
வடக்கு ஏழு, இருபத்துநாலு.
கிழக்கு எண்பத்தெட்டு, நாற்பத்தேழு.
திரை வெடித்து வெளுத்தது.
திருவாதிரை.
என் சாதகக் குறிப்பில் இருக்கும் அதே திருவாதிரை.
சிவந்த நட்சத்திரம் என்பார்கள்.
படத்தில் சிவப்பே இல்லை,
நடுவில் ஒரு வெள்ளைக் காயம்,
அதைச் சுற்றி வெட்டியெடுத்த வட்டம்.
ஒளி என்ற நிரலில்: மறை தொண்ணூற்றொன்பது.

விளக்கக் குறிப்பைத் தேடி வாசித்தேன்.
அது அளவு இல்லையாம். அளக்கவில்லை என்ற அடையாளமாம்.
கண்ணுக்கு எட்டாத மங்கலுக்கும் அதே எண்,
கருவி தாங்காத பிரகாசத்துக்கும் அதே எண்.

அடுத்த இரவு
றம்சீன் பேசவில்லை.
பத்தரைக்குக் கூப்பிட்டேன். பன்னிரண்டுக்கு.
பக்கத்துப் படகுகளைக் கேட்டேன்;
வாழைச்சேனைப் படகொன்று
முந்தநாள் லைட்டைக் கண்டதாம்,
கண்டது அதுதானா என்று தெரியாதாம்.
இரண்டு மணிக்கு நிஹாறா எடுத்தாள்.
கதைச்சவரா?
இன்னும் இல்லை.
அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
அவளுடைய வீட்டு மின்விசிறி
என் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்மசிறி சேரின் கட்டளை:
பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது.
சைபர் போடு, அல்லது கோடு இழு.
சைபர் என்றால் நடுக்கோடு, அங்கே அவர்கள் இல்லை.
கோடு என்றால்
நான்கு பேரின் மேல் பேனாவை இழுக்க வேண்டும்.

கணினியில் வானம் திறந்தேதான் கிடந்தது.
வெட்டிய வட்டத்தின் விளிம்பில்
சின்னஞ்சிறு ஒளிகள்,
ஒவ்வொன்றுக்கும் எண், நிறம், பிழையின் அளவு.
நடுவில் இருப்பதுக்கு மட்டும் ஒன்றுமில்லை,
பெயரைத் தவிர.

மறை எண் என்றுதான்
பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
கடன், குளிர், கடல்மட்டத்துக்குக் கீழே
என்று உதாரணம் தந்தார்கள்.
மறைந்திருப்பது என்று யாரும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் எழுதினேன்:
மறை தொண்ணூற்றொன்பது.
மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குப் பகல் முறைக்கு வந்த தவசீலன்
கொப்பியைத் திருப்பி,
இதென்ன கணக்கு என்றான்.
ஆக்கள் இருக்கினம், என்றேன்.
எங்கட கருவிதான் காணாது.

எப்படிக் கேட்டதோ அவனுக்கு,
புதுசு வாங்க எழுதிப்போடுவம் என்றான்.

ரேடியோவின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.
இரைச்சல் அறையை நிரப்பியது.
வெளியே, பெயர் தெரியாத ஒரு படகிலிருந்து
யாரோ ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
பதினேழில் விட்டுவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.