சோபா நகரும் நேரம்

பிலடெல்பியாவில் பனி கொட்டிய செவ்வாய் இரவு
இரண்டாம் அங்கத்தின் நான்காம் பாட்டை
வெட்டி எறிந்தார்கள்.
"அந்த இடத்தில் எல்லோரும் கடிகாரம் பார்க்கிறார்கள்"
என்றார் தயாரிப்பாளர்.
ஸெல்மா ரூடின் ஒன்றும் சொல்லவில்லை.
காதில் செருகிய பென்சிலை உருவிக்கொண்டு
புதுப் பாட்டுக்கு உட்கார்ந்தாள்.
விடியும்போது முடித்திருந்தாள்.

நான் நகலெடுப்பவன். பக்கத்துக்கு நாற்பது சென்ட்.
அவள் எழுதியதை இருபத்து மூன்று வாத்தியங்களுக்கும்
தனித்தனியே பிரித்து எழுதுவேன்.
இரண்டாம் வயலினுக்குத் தன் வரி தெரியும்,
டிராம்போனுக்குத் தன் நீண்ட மௌனம் தெரியும்,
முழுப் பாட்டு யாருக்கும் தெரியாது.
எனக்கும்தான்.
என் கைக்குத் தெரியும்.

வெட்டிய பாட்டை அவள் எறியவில்லை.
அடுத்த நாடகத்தில் அது ஒரு மாலுமிக்குப் போனது,
பாஸ்டனில் வெட்டுப்பட்டது.
அதற்கடுத்ததில், விவாகரத்தான ஒரு பல் மருத்துவருக்கு.
ஒத்திகையைத் தாண்டவில்லை.
ஒவ்வொரு முறையும் நான் நகலெடுத்தேன்,
ஒவ்வொரு முறையும் கூலி வந்தது.
அந்தப் பாட்டால் பிழைத்தவன்
உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

அவள் பெயர் போட்டு ஓடியவை:
ஒன்று பதினோரு வாரம்,
ஒன்று ஒன்பது இரவு,
ஒன்று சனிக்கிழமை திறந்து சனிக்கிழமையே மூடியது.
வாழ்த்துப் பூங்கொத்துகள் ஞாயிறன்று வந்தன.
பூக்காரனுக்கு யாரும் சொல்லவில்லை.

மெத்தைக் கம்பெனி ஒன்றுக்கு
அவள் எழுதிய ஒன்பது விநாடி விளம்பரத்தை
பிராங்க்ஸ் முழுக்கப் பிள்ளைகள் பாடினார்கள்.
கசாப்புக்காரர் அவளிடமே பாடிக் காட்டினார்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு
அரை பவுண்டு ஈரல் வாங்கினாள்.

பிறகு இன்னொருவர் இசையமைத்த நாடகம்.
ஊரே வரிசையில் நின்றது. அதில்
வரவேற்பறை போய்ப் படகுத்துறை வர வேண்டும்.
சோபா கனம், தள்ள நான்கு பேர்,
மூடி மறைக்க எட்டு ஆவர்த்தம் இசை.
அவர் கலிஃபோர்னியாவில் இருந்தார்.
ஒத்திகைப் பியானோவில் ஸெல்மா இருந்தாள்.
கைக்கு வந்ததை வாசித்தாள்.
அது நிலைத்துவிட்டது.

ஆயிரத்து நூற்றிரண்டு இரவுகள்.
விளக்கணைந்த அந்த இருபது விநாடியில்
ஜனம் இருமும், மிட்டாய்த் தாள் சரசரக்கும்,
காரை எங்கே விட்டோம் என்று யாரோ கேட்பார்கள்.
திரைக்குப் பின்னால் கயிறிழுக்கும் டோனல் மக்கார்டில்
அந்த மெட்டைச் சீட்டியடித்துப் பிடிபட்டான்.
மேடையில் சீட்டியடிப்பது அபசகுனம்,
அபராதம் இரண்டு டாலர்.
கட்டிவிட்டு மறுவாரமும் அடித்தான்.
அவளிடம் சொன்னேன்.
"எந்தச் சுருதியில்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் வருஷம் புது சோபா வாங்கினார்கள்.
இலேசானது, சக்கரம் வைத்தது, இரண்டு பேர் போதும்.
எட்டு ஆறாகக் குறைந்தது.
அந்தத் திருத்தமும் என் வேலைதான்,
இருபத்து மூன்று தாளில், சிவப்புப் பென்சிலால்.

எதிரே உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.
"ஆறையும் ஏழையும் எடு. எட்டை விடு,
மூச்சு அங்கேதான் முடிகிறது."
நான் ரப்பரை எடுத்தேன்.
"அழிக்காதே. மேலே ஒரு கோடு போதும்.
சக்கரம் துருப்பிடிக்கும்"
என்றாள்,
தோல் அறுபடாமல் கடைசிச் சுற்றுக்கு வந்தபடி.