எடைச் சீட்டின் பின்பக்கம்

மீன் எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான்
அப்பா கவிதை எழுதுவார். நாலே வரி.
காட் அறுநூறு கிலோ, ஹேடாக் நூற்றிருபது,
திருப்பினால் நான்:

    கைக்குள் கையாய்க் கரையில் நடந்தோம்
    காற்றுக் கடித்துக் கன்னம் சிவந்தது
    விரல்கள் ஐந்தும் வெதுவெதுப் பாக
    வீடு வரைக்கும் விடவே இல்லை.

இசாஃபியர்தூரில் இதை மனப்பாடமாய்ச் சொல்ல
இன்றும் பத்துப் பேர் இருப்பார்கள்.
மோனை ஒன்று குறைந்தாலும்
மீன் அழுகிவிட்டதுபோல் முகம் சுளிக்கும் ஊர் இது.
அடக்கத்தன்று பாதிரியார் சொன்னார்.
அஞ்சலகத்து சிகுர்லோய்க் சொல்லிவிட்டு அழுதாள்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடியில் தேதி இருக்கிறது. எனக்கு ஐந்து வயது.
அந்தத் தேதியில் அப்பா
கிரீன்லாந்துக்கு இந்தப் பக்கம்
டிராலரின் எஞ்சின் அறையில் இருந்தார்.
அம்மாவின் காலண்டர் சாட்சி.
கப்பல் போன நாள் முதல்
கட்டத்துக்கு ஓர் எண், பென்சிலில்.
பதினேழு. பதினெட்டு.
பத்தொன்பதில் மட்டும் கூடவே “பால்”.

அந்தக் கை அம்மாவுடையது.
உப்பு ஊறி வெடித்த கை,
கட்டைவிரலில் ஓட்டை விழுந்த கையுறை.
வீடு வரைக்கும் விடவே இல்லை என்பதும் பொய்.
இரண்டு முறை விட்டாள்:
மூக்கைச் சிந்த ஒரு முறை,
சாவி தேட ஒரு முறை.

நூற்றுப் பதினோரு சீட்டுகளில்
அம்மா எங்கும் இல்லை.
ஒன்றில் காபி வருகிறது.
யார் போட்டது என்று இல்லை.

அப்பாவின் அப்பா கெய்ர்முண்டுர்
இவர் கவிதைகளில் எப்போதும் பாறை.
விளக்கை அணைத்தால் அவருக்குத் தூக்கம் வராது
என்று அத்தைதான் சொன்னாள்.
அந்தப் பாறையும் ஒரே ஒரு பாட்டு எழுதியிருக்கிறது,
மூன்று வயதில் இருமலில் போன
ஹால்கிரிம் என்ற பிள்ளைக்கு.
அடுத்த வருஷம் அப்பா பிறந்தார்.
பெயர் காலியாக இருந்தது, வைத்தார்கள்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
தன் பெயருக்கு எழுதிய ஒப்பாரியைக்
கஞ்சி ஆறக் காத்திருந்து கேட்டார்.
உயிரோடு இருந்த ஹால்கிரிமுக்கு
ஒரு வரியும் கிடையாது.

அதனால்தான் இப்படி எழுதினார்
என்று சொல்ல வரவில்லை.
சீட்டுகளை அடுக்கும்போது
இது மேலே வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது.
யாருக்குப் பிறந்தோமோ அதுவே பெயர்.
நான் ஹால்கிரிமின் மகள்.
என் மகன் சிந்த்ரி, அவன் அப்பா பெயர் வேண்டாமென்று
ஸ்டெயின்வோரின் மகன். என்னைச் சுமப்பவன்.
பதினாலு வயது. பள்ளியில் எழுதச் சொன்னார்களாம்,
குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான்:

    அம்மா ஒரு கார்.
    எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
    உள்ளே யாரும் இல்லை.
    வெளியே பனி.

மோனை இல்லை. அது போகட்டும்.
உன் சீட் சூடாகட்டும் என்றுதானடா
எட்டு நிமிடம் முன்பே கிளப்பிவிட்டு
மேலே வந்து உன் சாக்ஸைத் தேடுகிறேன்!
“கவிதைதானே” என்றான், வாயில் ரொட்டியோடு.
எத்தனை மதிப்பெண்?
“ஒன்பது.”

ஒன்பது.

அன்று இரவு அப்பாவின் சீட்டை எடுத்து
முன்பக்கத்தை வாசித்தேன், முதல் முறையாக.
காட் அறுநூறு. ஹேடாக் நூற்றிருபது.
கையெழுத்து நடுங்கியிருக்கிறது,
எஞ்சின் அதிர்ந்திருக்கும்.

காலையில் காரைக் கிளப்பிவிட்டு
உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன்.
துடைப்பான் பனியை ஒதுக்கியது, மறுபடி ஒதுக்கியது.
சிந்த்ரி வந்து கதவைத் திறந்தான்.
ஒரு காலில் சாக்ஸ் இல்லை.
“இன்னிக்கு என்ன, உள்ளே இருக்கே?”

ஒன்றுமில்லை.
பெல்ட்டைப் போடு.