இதற்கெல்லை

நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், மூன்றாம் கடை.
நொத்தாரிசு குலவீரசிங்கத்தாரின் உறுதிகளைத்
தட்டி எழுதுவது நான்.
இரண்டு ஜிபி நினைவகத்தில் மூச்சு வாங்கும் கணினி;
விண்டோஸ் அதில் எழும்பி முகம் கழுவப்
பதினொரு நிமிசம்.
அதனால்தான் லினக்ஸ்.

மவுஸ் போன கதை வேறு.
ஆறு மாசமாய் மணிக்கட்டுக்குள் ஒரு முள்.
டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்து
"எலி பிடிக்கிறதை விடும்" என்றார்.
விட்டேன்.

அன்றிரவு கொக்குவிலில்
ஒரு வெறும் கோப்பைத் திறந்தேன்.
அதில் நான் எழுதுவதுதான் சட்டம்.
ஒரு யன்னல் வந்தால் முழுக்காணி.
இரண்டாவது வந்தால் பாதிப் பாதி.
மூன்றாவதுக்கு, வலப் பாதியில் பாதி.
ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது.
இடையில் ஆறு புள்ளி அகலத்தில் ஒழுங்கை.
இயந்திரம் வாசிக்காத வரிகளும் சில, எனக்காக:

# இதற்கெல்லை கிழக்கு: அகராதி
# வடக்கு: நேரம் காட்டும் பட்டை
# மேற்கு: பழைய உறுதியின் ஸ்கான் படம்
# தெற்கு: ஒன்றுமில்லை, மேசை விளிம்பு
# வெட்டி ஒட்டும் பலகை: பங்குக்கிணறு

ஒரு அடைப்புக்குறியை மூட மறந்து
ஒன்றரை மணிவரை கறுப்புத் திரையோடு இருந்ததை
யாருக்கும் சொல்லவில்லை.

கந்தோரில் முதல் நாளே பிழைச்சுப்போச்சு.
தமிழ்99க்கு மாறி "பரப்பு இரண்டு" என்று அடித்து
பக்கத்து யன்னலுக்குப் போகப் பார்த்தால்
ஒன்றும் அசையவில்லை.
சட்டத்தில் இருப்பது எச், ஜே, கே, எல்.
விரலின் கீழே இப்போது க, ப, ம, த.
தமிழில் நிரப்பிய படிவத்தைத்
திருப்பித் தள்ளும் யன்னல்களில் நின்றிருக்கிறேன்.
நானே அப்படியொன்றைக் கட்டிவைத்திருக்கிறேன்.

எழுத்தை விட்டேன்.
விசைகளின் இலக்கத்தை எழுதினேன்:
ஆல்ட்டோடு நாற்பத்திமூன்று இடம், நாற்பத்திநாலு கீழ்,
நாற்பத்தைந்து மேல், நாற்பத்தாறு வலம்.
மேலே எந்தப் பாஷை குடியிருந்தாலும்
இலக்கம் நிலத்தோடு.

வியாழன், இணுவிலிலிருந்து இரண்டு சகோதரிகள்.
தாய்வழிச் சீதனக் காணி, நாலு பரப்பு, ஒரு கிணறு.
இரண்டு வரைவையும் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
மனோரஞ்சிதம் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"தவமலருக்குக் கூடவெல்லோ கிடக்கு" என்றா.
"சரிபாதி அக்கா. இது வெறும் யன்னல்."
"உமக்குத் தெரியாது பிள்ளை. அளந்து பாரும்."
ஆல்ட், ஷிஃப்ட், நாற்பத்தாறு.
இரண்டும் இடம் மாறின.
"இப்ப?"
இப்போது தவமலருக்குக் குறைந்தது.

நொத்தாரிசு உரத்து வாசித்தார்.
கிணற்றில் அரைப் பங்கு என்ற இடத்தில்
இருவரும் ஒரே நேரம் இருமினார்கள்.
கையெழுத்து முடிந்து,
ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்குச் சில்லறை தேடி,
போனார்கள்.

மூத்தவவின் வரைவை மூடினேன்.
ஒரு சத்தமில்லை, ஒரு சாட்சியில்லை.
தங்கச்சியின் யன்னல் ஒழுங்கையைத் தாண்டி
முழுத் திரைக்கும் பரந்தது.
அதுவும் நான் எழுதிய சட்டம்தான்:
ஆள் போன காணியைப் பக்கத்தில் நிற்பது எடுக்கும்.

எங்கட வளவு வலிகாமம் வடக்கில்,
கம்பிக்கு அந்தப் பக்கம்.
உறுதி அலுமாரியில் இருக்கிறது, நாலெல்லையோடு.

இரவு கையேட்டை முழுக்க வாசித்தேன்.
மூடிய யன்னலின் இடத்தை
அப்படியே வெறுமையாய் விட
ஒரு வரி இருக்குமா என்று.
இல்லை.
வேண்டுமென்றால், உள்ளே ஒன்றுமில்லாத யன்னலொன்றைத் திறந்து
அந்த இடத்தில் இருத்தலாம்.
அதற்கு எல்லை உண்டு. மற்றவை ஏறாது.

அறுபத்தைந்தாம் விசையைக் கொடுத்தேன் அதற்கு.
விசைப்பலகையில் ஆக நீளமானது,
எழுத்தேதும் பொறிக்காதது.